நிர்விசாரமும் ஆயத்தமும்: சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பிலும், ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆவிக்குரிய நிர்விசாரம் என்றால் என்ன? பாவத்தில் விழுவதும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. பாவத்தில் விழுந்தவருக்கு விழுந்தது தெரியும்; மனசாட்சி குத்தும், தூக்கம் கெடும். நிர்விசாரத்தில் அந்த வலியே கிடையாது. ஜெபம் நடக்கும், காணிக்கை போகும், பாட்டு மனப்பாடமாக வரும். ஆனால் தேவன் இன்றைக்கு என்னிடம் ஏதாவது கேட்பார், என்னை எங்காவது அசைப்பார் என்ற எதிர்பார்ப்பு மட்டும் இருக்காது. செப்பனியா 1:12 இப்படிப்பட்டவர்களை ‘வண்டல்கள்மேல் அசையாமற் கிடந்து’ என்று வர்ணிக்கிறது. கர்த்தர் நன்மையும் செய்யப்போவதில்லை, தீமையும் செய்யப்போவதில்லை என்று உள்ளத்துக்குள் சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். கடவுள் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இருக்கிறார், ஆனால் ஒன்றும் செய்யமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆமோஸ் 6ஆம் அதிகாரம் இன்னொரு அடையாளத்தைக் காட்டுகிறது. சீயோனிலே நிர்விசாரமாய் இருந்தவர்கள் தந்தக் கட்டிலில் படுத்தார்கள், தம்புரை வாசித்துப் பாடினார்கள், திராட்சரசம் குடித்தார்கள். ஆனால் ‘யோசேப்புக்கு நேரிட்ட ஆபத்துக்கு’ கவலைப்படவில்லை. பக்கத்தில் இருப்பவனுடைய வீடு இடிகிறது, இங்கே பாட்டு நிற்கவில்லை. என்னைக் கேட்டால், நிர்விசாரத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. நாம் எவ்வளவு நேரம் ஜெபிக்கிறோம் என்பதைவிட, யாருக்காகக் கலங்குகிறோம் என்பது நம்மைச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் சபை நன்றாகத்தான் நடக்கிறது. கூட்டம் வருகிறது, கட்டிடம் எழும்புகிறது. எங்களுக்கும் இது பொருந்துமா?

நன்றாக நடக்கிற சபைகளுக்குத்தான் அதிகமாகப் பொருந்தும். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதங்கள் வருகின்றன. அதில் உபத்திரவப்பட்ட சிமிர்னாவும், கொஞ்ச பெலன் மட்டும் உள்ள பிலதெல்பியாவும் ஒரு கண்டிப்பும் வாங்கவில்லை. மிகக் கடுமையான வார்த்தைகளைக் கேட்டவை சர்தையும் லவோதிக்கேயாவும். அந்த இரண்டு கடிதங்களையும் கவனித்துப் படித்தால் ஒன்று தட்டுப்படும்: உபத்திரவம் செய்கிறவர்களைப் பற்றியோ, உள்ளே புகுந்த கள்ளப் போதகர்களைப் பற்றியோ அவற்றில் பேச்சே இல்லை. எதிரியே இல்லாத இடத்தில் காவல் எதற்கு என்று இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சர்தை நகரத்தின் கதையும் அப்படித்தான். அதன் கோட்டை செங்குத்தான மலைமேல் இருந்தது, யாரும் ஏற முடியாது என்று பெயர். கி.மு. 546 வாக்கில் பாரசீக ராஜா கோரேசு அதை முற்றுகையிட்டபோது, கோட்டைக்குள் இருந்த ஒரு வீரனின் தலைக்கவசம் கீழே உருண்டு விழுந்தது. அவன் பாறை வழியாக இறங்கி அதை எடுத்துக்கொண்டு மேலே போனதை எதிரி வீரன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்ன, அதே வழியில் படை ஏறியது. ஏற முடியாத பக்கம் என்று அங்கே காவலே போடவில்லை என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ். இதில் பாடம் கற்றிருக்க வேண்டும். ஆனால் 300 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, மூன்றாம் அந்தியோகு ராஜாவின் காலத்தில், அதே மாதிரி மறுபடியும் பிடிபட்டது. இந்தத் தடவை ஒரு மதிலின்மேல் பிணம் தின்னும் பறவைகள் அமைதியாக உட்கார்ந்திருப்பதை ஒருவன் கவனித்தான். மனிதர் நடமாட்டம் இருந்தால் பறவை உட்காராதே, அங்கே காவல் இல்லை என்று கணக்குப் போட்டான். கணக்கு சரியாக இருந்தது.

இந்த வரலாறு உள்ள நகரத்துச் சபைக்குத்தான் ‘நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்’ என்றும், விழித்திராவிட்டால் திருடனைப்போல் வருவேன் என்றும் எழுதப்பட்டது (வெளி. 3:1-3). வாசித்தவர்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்.

நம் பக்கம் வருவோம். ஒரு சபைக் குழுக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப ஜெபம் ஒரு நிமிஷம். அப்புறம் ஒலிபெருக்கி சரியில்லை என்று அரை மணி நேரம். ஆண்டு விழாவுக்கு யாரைப் பேச அழைப்பது, நோட்டீஸில் யார் பெயர் முதலில் வருவது என்று முக்கால் மணி நேரம். கணக்கு வாசிப்பு, ஒரு சின்ன வாக்குவாதம், அப்புறம் முடிவு ஜெபம். மாதக்கணக்கில் ஆராதனைக்கு வராமல் போன ஒருவருடைய பெயர் அந்தக் கூட்டத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. அவர் வரவில்லை என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கூட்டத்தில் யாரும் தவறாக எதுவும் செய்யவில்லை, எல்லாம் ஒழுங்குதான். அந்த மதில்மேலும் பறவைகள் அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தன.

லவோதிக்கேயா கடிதத்தில் வரும் ‘வெதுவெதுப்பு’ என்றால் பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம் என்று அர்த்தமா?

பெரும்பாலான பிரசங்கங்களில் அப்படித்தான் கேட்கிறோம்: அனல் என்றால் பக்தி வைராக்கியம், குளிர் என்றால் அவிசுவாசம், வெதுவெதுப்பு என்றால் இரண்டுங்கெட்டான். ஆனால் வசனம் ‘நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்’ என்கிறதே. அவிசுவாசியாக இருந்தால் நலம் என்று ஆண்டவர் ஆசைப்படுவாரா?

பல வேத அறிஞர்கள் சொல்லும் இன்னொரு விளக்கம் எனக்கு அதிகப் பொருத்தமாகப் படுகிறது. லவோதிக்கேயாவுக்கு அக்கம்பக்கத்தில் இரண்டு ஊர்கள். எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள். உடம்பு வலிக்கு அங்கே போய்க் குளிப்பார்கள். கொலோசெயில் குளிர்ந்த நல்ல தண்ணீர்; களைத்தவன் குடித்தால் உயிர் வரும். லவோதிக்கேயாவுக்கோ குழாய் வழியாகத்தான் தண்ணீர் வந்தது. சுண்ணாம்புப் படிவம் அடைத்துக்கிடக்கும் அந்தக் குழாய்களை இன்றும் இடிபாடுகளில் பார்க்கலாம். சூடு ஒரு பயன், குளிர்ச்சி ஒரு பயன். இரண்டும் இல்லாத தண்ணீரை வாயில் ஊற்றினால் துப்பத்தான் தோன்றும். இந்த விளக்கத்தின்படி அங்கே இருந்த குறை உணர்ச்சியின் வெப்பநிலை அல்ல. நோயாளிக்கும் உதவாமல், களைத்தவனுக்கும் உதவாமல் ஒரு சபை இருந்தது.

அந்த ஊரைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்வது நல்லது. கி.பி. 60 வாக்கில் ஒரு பூமியதிர்ச்சி அதைத் தரைமட்டமாக்கியது. ரோம அரசின் உதவி இல்லாமலே தன் சொந்தப் பணத்தில் ஊர் எழும்பிவிட்டது என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதியிருக்கிறார். ஊருக்குப் பெருமையான விஷயம்தான். அதே மனநிலை சபைக்குள் வந்தபோது ‘எனக்கு ஒரு குறைவுமில்லை’ என்ற பேச்சாகிவிட்டது.

அப்புறம், ‘இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்’ என்ற வசனத்தைச் சுவிசேஷக் கூட்டங்களில் வெளியாருக்காக எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது இந்த லவோதிக்கேயா சபைக்கு எழுதியது. ஆராதனை உள்ளே, ஆண்டவர் வெளியே.

பத்துக் கன்னிகைகள் உவமையில் புத்தியுள்ளவர்களும் தூங்கினார்களே? அப்படியானால் தூங்குவது தவறில்லையா?

நல்ல கேள்வி. மணவாளனை எதிர்கொள்ளத் தீவட்டியோடு போன பத்துப் பெண்களைப் பற்றி இயேசு சொன்ன கதை அது. மத்தேயு 25:5 தெளிவாகச் சொல்கிறது: மணவாளன் வரத் தாமதித்தபோது ‘அவர்களெல்லாரும்’ தூங்கிவிட்டார்கள். பத்துப் பேரும். ஐந்து பேர் விடிய விடிய விழித்திருந்தார்கள் என்று கதையில் இல்லை. ஆகவே ஆயத்தம் என்றால் எப்போதும் நரம்பு முறுக்கேறி நிற்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மனிதர் களைப்பார்கள், வேலைக்குப் போவார்கள், உறங்குவார்கள். வித்தியாசம் தூங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது: ஐந்து பேர் பாத்திரத்தில் எண்ணெய் கொண்டுவந்திருந்தார்கள், ஐந்து பேர் கொண்டுவரவில்லை. நடுராத்திரிச் சத்தம் அந்த வித்தியாசத்தை உண்டாக்கவில்லை, வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். புத்தியில்லாத ஐந்து பேரும் மணவாளனை எதிர்பார்த்தவர்கள்தான். தீவட்டி அவர்கள் கையிலும் இருந்தது. அவர்கள் போட்ட கணக்கு ஒன்றுதான் பிழை: சீக்கிரம் வந்துவிடுவார், இருக்கிறது போதும் என்று நினைத்தார்கள். இயேசு மறுபடியும் வருவதைத்தான் வருகை என்கிறோம். ‘வருகை சமீபம், வருகை சமீபம்’ என்று பரபரக்கிற பலர் சில வருஷங்களில் காணாமல் போவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தாமதத்துக்கு அவர்களிடம் எண்ணெய் இல்லை.

அந்த எண்ணெய் எதைக் குறிக்கிறது?

இயேசு சொல்லவில்லை. பரிசுத்த ஆவி என்பார்கள் பலர்; நான்காம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம் ஏழைகளுக்குக் காட்டும் இரக்கம் என்றார்; அகுஸ்தீன் அன்பு என்றார். உவமை அழுத்துவது ஒன்றைத்தான்: அது கடைசி நிமிஷத்தில் இரவல் கிடைக்காத சாமான். அம்மாவின் ஜெபம் பிள்ளைக்குப் பெரிய ஆசீர்வாதம். ஆனால் அம்மாவின் விசுவாசத்தைப் பிள்ளை தன் பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ள முடியாது.

உலகத்தில் நடப்பதைப் பார்த்தால் வருகையின் நாளைக் கணக்கிட முடியும் என்கிறார்களே?

முடியாது. ‘அந்த நாளையும் அந்த நாழிகையையும்’ பிதா ஒருவர் தவிர வேறொருவரும் அறியார் (மத். 24:36). கணக்கிட்டவர்கள் கதி தெரிந்ததுதான். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று காத்திருந்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. தென் கொரியாவில் ஒரு குழு 1992 அக்டோபர் 28 என்றது. வானொலிப் பிரசங்கி ஹரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். நாள் வந்தது, போனது. மனம் உடைந்து விசுவாசத்தையே விட்டவர்களைப் பற்றி அப்புறம் யாரும் பேசுவதில்லை.

நாள் குறிப்பதும் ஒருவகை நிர்விசாரம்தான் என்பது என் கருத்து. தேதி தெரிந்துவிட்டால் அதுவரை கவலையில்லையே!

அப்படியானால் வருகையைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடலாமா?

அதுவும் சரியில்லை. இன்றைக்குப் பல சபைகளில் பிரச்சினையே இதுதான். ஆசீர்வாதம், குடும்பம், வேலை, சுகம் என்று வருஷம் முழுக்கச் செய்தி. வருகையைப் பற்றி ஒன்றுமில்லை. திருச்சபை நாட்காட்டியைப் பின்பற்றும் சபைகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் வருகைக் காலம். அதன் முதல் ஞாயிற்றில் வாசிக்கும் சுவிசேஷப் பகுதியில் தொழுவமும் இல்லை, மேய்ப்பர்களும் இல்லை. விழித்திருங்கள் என்று இயேசு சொல்வதைத்தான் வாசிப்பார்கள். ஆனால் அன்றைக்கே அலங்கார விளக்குப் பேச்சு ஆரம்பித்துவிடுவதால் யார் காதிலும் விழுவதில்லை.

தாமதத்துக்குக் காரணமும் எழுதியிருக்கிறது. ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்று தேவன் பொறுமையாக இருக்கிறார் (2 பேதுரு 3:9). அவர் கொடுத்த அவகாசத்தை நாம் விடுமுறையாக எடுத்துக்கொள்கிறோம்.

சரி, ஆயத்தமாக இருப்பது என்றால் திங்கட்கிழமை காலையில் நான் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் வேலையை. கேலியாகச் சொல்லவில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், கிறிஸ்துவின் நாள் வந்துவிட்டது என்று கலங்க வேண்டாம் என்கிறார் பவுல். அதே நிருபத்தின் கடைசியில், சிலர் ஒரு வேலையும் செய்யாமல் ‘வீண் அலுவற்காரராய்’ திரிவதைக் கண்டிக்கிறார். கையால் வேலை செய்து சாப்பிடுங்கள், நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதிருங்கள் என்று முடிக்கிறார்.

இதற்கு இயேசு சொன்ன சின்ன உவமை ஒன்று இருக்கிறது, பத்துக் கன்னிகைகளின் நிழலில் மறைந்துபோன உவமை (மத். 24:45-51). எஜமான் ஒரு ஊழியக்காரனிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகிறான். கொடுத்த வேலை என்ன? வீட்டாருக்கு ‘ஏற்றவேளையிலே போஜனங்கொடுத்து’ விசாரிப்பது. அவ்வளவுதான். எஜமான் வரும்போது அவன் கூரைமேல் ஏறி வழி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இல்லை; அடுப்படியில் இருந்தாலே பாக்கியவான்.

பொல்லாத ஊழியக்காரனோ ‘என் ஆண்டவன் வர நாட்செல்லும்’ என்று உள்ளத்தில் சொல்லிக்கொள்கிறான். உடனே முதலில் என்ன செய்கிறான் பாருங்கள்: உடன் வேலைக்காரரை அடிக்க ஆரம்பிக்கிறான். குடி அப்புறம்தான் வருகிறது. எஜமானை மறந்தவன் கை முதலில் நீள்வது கூட வேலை செய்கிறவன்மேல்.

இதை நினைத்துத்தான் சபைகளில் நடக்கும் பதவிச் சண்டைகளைப் பார்க்கிறேன். தேர்தல், வழக்கு, கோஷ்டி, ஒருவரையொருவர் மேடையிலிருந்து சாடைப் பேச்சு. வருகையை நம்புகிறோம் என்று விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் சொல்கிற சபைதான் இத்தனையும் செய்கிறது. உடன் ஊழியரை அடிக்கிற சபை, வருகையைப் பற்றி எத்தனை கூட்டம் நடத்தினாலும், எஜமான் வர நாள் செல்லும் என்றுதான் உள்ளுக்குள் நம்புகிறது.

ஆகவே திங்கட்கிழமை: யாருக்கு எதைக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது என்று பாருங்கள். பிள்ளைக்கு நேரம், வயதான பெற்றோருக்குப் பேச்சுத்துணை, வேலை செய்தவருக்குக் கூலி. யாரிடமாவது பேசாமல் இருந்தால் பேசிவிடுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால் கொடுத்துவிடுங்கள். இவற்றோடு வேத வாசிப்பும் ஜெபமும். அவை இல்லாமல் மற்றதெல்லாம் நாலு நாளில் வறண்டுவிடும்.

நான் இரட்சிக்கப்பட்டவன். நிச்சயம் இருக்கும்போது ஆயத்தம் எதற்கு?

நிச்சயம் வேறு, அலட்சியம் வேறு. ‘தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்’ என்று பவுல் எழுதியது விசுவாசிகளுக்குத்தான் (1 கொரி. 10:12). இரட்சிப்பை இழக்க முடியுமா முடியாதா என்பதில் சபைகளுக்குள் பழைய கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே தீர்க்கப்போவதில்லை. ஆனால் இரண்டு பக்கத்தாரும் ஒப்புக்கொள்வது, உண்மையான நிச்சயம் ஒருவனைக் கால் நீட்டிப் படுக்க வைக்காது என்பதை.

நம் காலத்தில் வருகை இல்லாவிட்டால் இந்த ஆயத்தமெல்லாம் வீண்தானே?

களஞ்சியங்களைப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட ஐசுவரியவானைப் பற்றி இயேசு சொன்ன உவமையில் அவனுக்கு வந்த செய்தி வருகையைப் பற்றியதல்ல. ‘உன் ஆத்துமா உன்னிடத்திலிருந்து இந்த இராத்திரியிலே எடுத்துக்கொள்ளப்படும்’ (லூக்கா 12:20). களஞ்சியத் திட்டம் தயாராக இருந்தது, ஆள் இல்லை.

வருகை என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது. சிறுவயதில் கேட்ட செய்திகள் அப்படி.

உங்களைப்போல் பலர் உண்டு. வீட்டில் யாரையும் காணோம் என்றால் எல்லாரும் வருகையில் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, நாம் மட்டும் கைவிடப்பட்டோமோ என்று அழுத பிள்ளைகள் எத்தனையோ பேர். அப்படிப் பயமுறுத்திப் பெறுகிற ஆயத்தம் பயம் தணிந்ததும் போய்விடும். லூக்கா 12:37-ஐ நிதானமாக வாசியுங்கள். விழித்திருக்கிற ஊழியக்காரரைக் கண்டதும் எஜமான் தன் அரையைக் கட்டிக்கொண்டு, அவர்களைப் பந்தியில் உட்காரவைத்து, அவனே பரிமாறுகிறான். உலகத்தில் எந்த எஜமானும் இப்படிச் செய்வதில்லை. வரப்போகிறவர் இவர்தான். எச்சரிக்கை வசனங்கள் பொய் என்று சொல்லவில்லை. இந்த வசனத்தையும் அவற்றோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்கிறேன்.

ஜெபிக்கவே முடியவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. நான் வெதுவெதுப்பாகிவிட்டேனா?

அவசரப்பட்டு அந்தப் பெயரை உங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். நிர்விசாரம் உள்ளவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். துக்கம், நோய், ஓயாத உழைப்பு, மனச்சோர்வு என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசியை தேவன் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பிச் சாப்பிட வைத்தார், மறுபடியும் தூங்கவிட்டார் (1 இரா. 19). சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

ஒரு எழுப்புதல் கூட்டம் நடத்தினால் சபை சரியாகிவிடுமா?

சில சமயம் தொடக்கமாக அமையும். பல சமயம், மூன்று நாள் அழுது தீர்த்ததே கடமை முடிந்த திருப்தியைத் தந்துவிடும். கூட்டம் முடிந்த அடுத்த மாதம் யாராவது யாரிடமாவது மன்னிப்புக் கேட்டார்களா என்று பாருங்கள்.

எங்கள் சபை தூங்குகிறது என்று நினைக்கிறேன். போதகரிடமும் மூப்பர்களிடமும் இதை எப்படிச் சொல்வது?

மொட்டைக் கடிதம் வேண்டாம். வாட்ஸப் குழுவில் சர்தை வசனத்தைப் போட்டுவிட்டு மற்றவர்கள் புரிந்துகொள்ளட்டும் என்று விடுவதும் வேண்டாம். செத்ததென்று பெயர் வாங்கின சர்தையிலேயே வஸ்திரத்தை அசுசிப்படுத்தாத ‘சிலபேர்’ இருந்தார்கள், ஆண்டவருக்கு அவர்களைத் தெரிந்திருந்தது (வெளி. 3:4). உங்கள் சபையிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். பெரும்பாலும் பின்வரிசையில் வயதானவர்களாக. முதலில் அவர்களோடு சேர்ந்து ஜெபியுங்கள். விழித்திருப்பவன் நான் ஒருவன்தான் என்ற எண்ணம் கொஞ்சம் தணியும். எலியாவுக்கும் அந்த எண்ணம் வந்தது, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

அப்புறம் போதகரை வீட்டில் போய்ப் பாருங்கள். குற்றப்பட்டியல் கொண்டுபோகாதீர்கள். அவர் எப்படி இருக்கிறார், அவருக்காக என்ன ஜெபிக்கலாம் என்று கேளுங்கள். பல போதகர்களிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை. பேச்சு சுமுகமாகப் போனால், சில மாதங்களாக ஆராதனைக்கு வராதவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கி, இந்த வாரமே ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.